சின்னாலி

சின்னாலி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலபார்க் கடலில் போர்த்துக்கேயரை எதிர்த்துப் போரிட்ட சீனர். கோழிக்கோடு மன்னரான சாமூதிரியின் கடற்படைத் தலைவராக விளங்கிய நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரின் வலக்கை. போர்த்துக்கேய ஆவணங்கள் இவர்களைக் கடற்கொள்ளையர் என்றே குறிக்கின்றன. போர்த்துக்கேயரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் மிளகு ஏற்றிச் சென்ற எவரையும் அவை அப்படித்தான் அழைத்தன என்பதை மறக்கக் கூடாது.

சின்னாலியைப் பற்றிய செய்தி, கோவா ஆவணக் காப்பாளராயிருந்த தியோகோ டூ கோட்டோ எழுதிய வரலாற்றில் கிடைக்கிறது. அதன்படி, இவர் மலாக்காவில் வேலையாளாக இருந்தவர். சிறுவனாகப் போர்த்துக்கேயர் ஒருவரிடம் அடிமைப்பட்டிருந்து, கடலில் பிடிபட்டுக் குஞ்ஞாலியிடம் வந்து சேர்ந்தார். குஞ்ஞாலி இவர்மீது அளவற்ற அன்பு வைத்து, எல்லாப் பொறுப்பையும் ஒப்படைத்தார். இஸ்லாத்தில் உறுதியானவர், கிறித்தவர்களின் கொடிய பகைவர், கைதிகளை வதைத்தவர் என்றும் கோட்டோ எழுதுகிறார். எதிரியின் பேனா எழுதிய சித்திரம் இது. வதைக் கதைகளை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால் அடிமைச் சிறுவன் ஒருவன் படைத்தலைவனாக உயர்ந்ததை அந்தப் பேனாவாலும் மறைக்க முடியவில்லை.

மரைக்காயர்களின் கோட்டை வடகரைக்கு அருகே, கோட்டைப்புழை முகத்துவாரத்தில் இருந்தது. ஆழம் குறைந்த ஆற்றுக்குள் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது. துடுப்புப் படகுகள் பாய்ந்து தாக்கிவிட்டு உள்ளே திரும்பிவிடும். 1595இல் தலைமையேற்ற நான்காம் குஞ்ஞாலியின் செல்வாக்கு வளர வளர, சாமூதிரிக்கும் அவருக்கும் பகை மூண்டது. சாமூதிரி போர்த்துக்கேயரோடு கைகோத்தார். 1599 மார்ச்சில் போர்த்துக்கேயத் தளபதி லூயிஸ் டா காமா நடத்திய தாக்குதல், சைகை நேரம் தவறியதால் பெருத்த உயிரிழப்போடு தோற்றது. அடுத்துத் தளபதியாக வந்த ஆந்த்ரே ஃபுர்த்தாடோவின் கப்பல்கள் கடல்வழியையும், சாமூதிரியின் படை நிலவழியையும் அடைத்தன.

உயிருக்குத் தீங்கில்லை என்ற சாமூதிரியின் வாக்கை நம்பி, 1600 மார்ச் 16 அன்று கோட்டை பணிந்தது. முதலில் காயம்பட்ட வீரர்களும் பெண்களும் குழந்தைகளும் வெளியே வந்தனர். கடைசியாகத் தலையில் கறுப்புத் துணியும், முனை தாழ்த்திய வாளுமாகக் குஞ்ஞாலி வந்தார். அவருடன் நடந்து வந்த மூன்று தளபதிகளுள் ஒருவர் சின்னாலி. வாளைச் சாமூதிரியிடம் கொடுத்த மறுகணமே ஃபுர்த்தாடோ குஞ்ஞாலியின் தோளைப் பற்றி இழுத்தார். வாக்கு மீறப்பட்டதைக் கண்ட சாமூதிரியின் நாயர் வீரர்கள் கொதித்தெழுந்தும் பயனில்லை.

கைதிகள் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். குஞ்ஞாலியின் தலை வெட்டப்பட்டு, உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பப்பட்டது. சின்னாலியும் கோவாவிலேயே கொல்லப்பட்டார். பிரியதர்ஷன் இயக்கத்தில் 2021இல் வெளியான ‘மரைக்காயர்’ திரைப்படத்தில் சின்னாலி ஒரு பாத்திரமாக இடம்பெறுகிறார்.