வள்ளியின் பெயரை வாங்கிக்கொண்டவை

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ காய்கறிக் கடையில் வள்ளிக்கிழங்கு என்று கேட்டால் சர்க்கரைவள்ளியை எடுத்துத் தருவார்கள். இல்லாவிட்டால் மரவள்ளியா என்பார்கள். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. வள்ளி என்றால் கொடி. மரவள்ளியோ ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் செடி. அதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்றால், மக்கள் வாயில் வள்ளி அதற்குள் கிழங்காகவே மாறிவிட்டது.

பெயருக்கு உரியது வேறு. பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் நான்கைக் கபிலர் பாடும் புறநானூறு 109இல் மூங்கிலரிசி, பலா, தேன் இவற்றோடு வள்ளிக்கிழங்கும் உண்டு. பாரி மறைந்தபின் அவர் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் திருக்கோவிலூர், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பெண்ணையாற்றில் கபிலர் குன்றை இன்றும் பார்க்கலாம். அவர் பாடியது சர்க்கரைவள்ளியாக இருக்க வழியே இல்லை. மரம்பற்றி ஏறும் மலைக்கொடியின் கிழங்கு அது. கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை முருகனின் வள்ளியானதும் அதனால்தான்.

அந்தக் கொடி இனத்தில் கத்தரிப்பூ நிறச் சதை கொண்டது ராசவள்ளி. தோல் சீவும்போது கை அரிக்கும், எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். அறுத்த இடம் வழவழவென்று பசைபோல் ஒட்டும். யாழ்ப்பாணத்தில் குழைய வேகவைத்து மசித்து, தேங்காய்ப்பால், சீனி, சிட்டிகை உப்பு சேர்த்துக் கூழாக்குவார்கள். பிலிப்பைன்ஸிலும் அதே கிழங்கு, அதே தேங்காய்ப்பால். கூடவே வெண்ணெயும் டின்னில் வரும் கெட்டிப்பாலும். சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிண்டினால் ஊபே ஹலாயா. ஹலாயா ஸ்பானிஷ் வழி வந்தது. ஊபே அந்த மண்ணின் சொல்; மலாயில் அது ஊபி.

மலாயிலும் நம் கதைதான்: மரவள்ளி அங்கே ஊபி காயு, அதாவது மரக்கிழங்கு. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் நடந்தது வேறு. சர்க்கரைவள்ளி மெக்சிகோவிலிருந்து தன் பெயரோடு வந்து கமோத்தே ஆனது. மரவள்ளியும் அதை ஒட்டி 'மரக் கமோத்தே' ஆனது. அதனால் ஊபே என்ற பெயர் பழைய கிழங்குக்கே நிலைத்தது. நம்மிடமோ வந்தவை வள்ளியை எடுத்துக்கொண்டன. சொந்தக்காரி ராச என்று முன்னொட்டுப் போட்டுக்கொண்டுதான் தன்னை அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

ராசவள்ளி தை மாதம் வெட்டு முடிந்து வரும். வெளியே கறுத்துக் கரடுமுரடாகத்தான் இருக்கும். நகத்தால் லேசாகச் சுரண்டி நிறம் பார்த்து வாங்குங்கள்.