கணப்படுப்பும் இலண்டன் புகையும்

1952 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆம் நாள் இலண்டன் நகரைக் கவிந்துகொண்ட புகைப்பனி ஐந்து நாட்கள் விலகவில்லை. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கினுள்ளும் அது புகுந்ததால் இசை நாடகம் ஒன்று பாதியில் நின்றது. கண்காட்சிக்கு வந்த மாடுகள் சில மூச்சுத் திணறி மாண்டன. மனிதருள் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டனர்; பிற்கால மதிப்பீடு ஒன்று 12,000 என்கிறது. இந்தப் புகை ஆலைகளிலிருந்து மட்டும் வரவில்லை. குளிர்காய்வதற்காக வீடுதோறும் மூட்டிய கணப்படுப்புகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

ஆதியில் அந்நகர மக்கள் விறகைத்தான் எரித்தனர். நகரம் பெருகவே விறகின் விலை ஏறிற்று. நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரி அதன் இடத்தைப் பிடித்தது. கடல் வழியே வந்ததால் அதற்குக் ‘கடற்கரி’ என்றே பெயர். சுண்ணாம்புக் காளவாய்களில் இதை எரிப்பதை முதலாம் எட்வர்டு மன்னர் 1306 இல் தடை செய்தார். தடை நிலைக்கவில்லை. 1661 இல் ஜான் ஈவ்லின் என்பார் புகையைக் கண்டித்து ஒரு நூலே எழுதி மன்னருக்குக் காணிக்கையாக்கினார். ஆனால் அவர் பழித்தது மது வடிப்போர், சாயமிடுவோர் ஆகியோரின் உலைகளையே. வீட்டு அடுப்பை அவர் பெரிதாகக் குறை கூறவில்லை!

வீட்டுக் கரி ஏன் இவ்வளவு புகைகிறது? சாதாரண நிலக்கரியைச் சூடாக்கினால் அதிலிருந்து தார் ஆவியும் வாயுக்களும் வெளிப்படும். போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் இவை சுடராக எரிந்துவிடும். திறந்த கணப்பில் அவை கிடைப்பதில்லை. ஆகவே எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே புகைபோக்கி வழியே போய்விடுகிறது. கரியில் உள்ள கந்தகமோ எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகிறது. 1952 இல் நல்ல கரி ஏற்றுமதிக்குச் சென்றது. வீட்டாருக்குத் தாராளமாகக் கிடைத்தது தூளும் துண்டுமான மட்டக் கரி. மேலே வெப்பக் காற்று மூடிபோல் நின்றதால் புகை மேலெழும்ப வழியின்றித் தெருவிலேயே தங்கிவிட்டது.

அரசு அமைத்த குழுவுக்கு ஹியூ பீவர் தலைவர். (ஈவ்லின் பழித்த தொழிலைச் சேர்ந்தவர்தாம், கின்னஸ் மது ஆலையின் நிர்வாகி.) குழுவின் அறிக்கையை ஒட்டி 1956 இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அடுப்பில் எதை எரிக்கலாம் என்பதில் சட்டம் தலையிட்டது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கல்கரி, ஆந்திரசைட், வாயு, மின்சாரம் போன்றவற்றுக்கு மாற வேண்டும். அடுப்பை மாற்றும் செலவில் ஒரு பங்கை அன்று அரசு ஏற்றது. கல்கரியில் தார் முன்பே நீக்கப்பட்டிருப்பதால் புகை மிகக் குறைவு. ஆனால் புகை இல்லாததால் நஞ்சும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. காற்றோட்டமற்ற அறையில் அதுவும் கார்பன் மோனாக்சைடைத் தரும். அவ்வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை.

அண்மைக் காலத்தில் இங்கிலாந்தில் விறகு மீண்டும் வீட்டுக்குள் வந்திருக்கிறது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். கொதிநிலையில் உள்ள நீரில் 1 கிராமை ஆவியாக்கவே சுமார் 540 கலோரி வேண்டும். இதனால் தீயின் வெப்பம் தணிந்து புகை பெருகுகிறது. பழைய வேலிக் கட்டைகள் உலர்ந்திருந்தாலும் ஆகா. செல்லரிக்காதிருக்க ஆர்சனிக் ஏற்றிய மரமாக இருந்தால் அந்த நஞ்சு புகையிலும் சாம்பலிலும் சேரும். 2021 மே மாதம் முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2 கன மீட்டரும் அதற்கு மேலும் ஈர விறகு விற்பவர், அதை உலர்த்தும் முறையை எழுதிக் கொடுக்க வேண்டும்.