மடக்கு செல்பேசி

மடக்கு செல்பேசி: நடுவே கீல் வைத்து, டப்பியைப் போலத் திறந்து மூடும்படி செய்த கைப்பேசி. தமிழ்நாட்டுக் கடைகளில் ‘ஃப்ளிப் போன்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். தொடுதிரை இல்லாத எதையும் ‘பட்டன் போன்’ என்று சொல்லிவிடும் பேச்சுவழக்கில் இதுவும் அடங்கும். திறந்தால் மேல்பாதியில் திரையும் காதில் வைக்கும் பகுதியும், கீழ்ப்பாதியில் விசைகளும் பேசும் துளையும் இருக்கும். மூடினால் அழைப்பு முடிந்துவிடும். கீல் வந்த காரணம் ஒன்று, நிலைத்த காரணம் இன்னொன்று. பையில் அடங்க வேண்டுமே என்று மடித்தார்கள். மூடுவது பிடித்துப்போய் விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

முன்னோடிகள்

காதுக்கும் வாய்க்கும் உள்ள தூரம் சட்டைப் பையின் ஆழத்தைவிட அதிகம். தொலைபேசியைச் சிறிதாக்க முயன்றவர்கள் எல்லாரும் இந்த அளவில்தான் முட்டிக்கொண்டார்கள். கம்பித் தொலைபேசிக் காலத்திலேயே இதற்கு விடை கண்டவர்கள் மார்க்கோ சனூசோவும் ரிச்சர்ட் சாப்பரும். 1960-களின் நடுவில் இத்தாலியில் சீமென்ஸுக்காக அவர்கள் வடிவமைத்த ‘கிரில்லோ’, மேசைமேல் கையளவே இருக்கும். எடுத்தவுடன் பேசும் பகுதி விரிந்து வாயருகே வரும். மணிக்கு அந்தச் சின்ன உடலில் இடமில்லை என்று அதைச் சுவரில் செருகும் பிளக்குக்குள் வைத்துவிட்டார்கள். கிரில்லோ என்ற இத்தாலியச் சொல்லுக்குச் சுவர்க்கோழி என்று பொருள். சத்தம் சுவரிலிருந்தே வந்ததால், பெயர்ப் பொருத்தம் இத்தாலிய மொழியைவிடத் தமிழில்தான் கச்சிதம்.

1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில், விண்கலத் தலைவர் சல்லடை மூடி போட்ட ஒரு கருவியை மணிக்கட்டால் சுண்டித் திறந்து பேசுவார். கைப்பேசியே அதைப் பார்த்துத்தான் பிறந்தது என்றொரு கதை உண்டு. 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்றபடி முதல் கைப்பேசி அழைப்பைச் செய்த மோட்டோரோலா பொறியாளர் மார்ட்டின் கூப்பரோ, தம் மனத்தில் இருந்தது ‘டிக் ட்ரேசி’ படக்கதைத் துப்பறிவாளரின் கைக்கடிகார ரேடியோதான் என்று பிற்காலத்தில் சொன்னார். ஆனால் சுண்டித் திறக்கும் அந்த மணிக்கட்டு அசைவு மட்டும் மடக்கு செல்பேசியோடு ஒட்டிக்கொண்டது.

செங்கல்லிலிருந்து ஸ்டார்டாக் வரை

1983-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற மோட்டோரோலாவின் ‘டைனாடாக் 8000எக்ஸ்’ கிட்டத்தட்ட 800 கிராம் எடை. விலை 3,995 டாலர். பேசக் கிடைத்ததோ அரைமணி நேரம். செங்கல் என்று கேலி பேசப்பட்ட இதைச் சட்டைப் பைக்குள் கொண்டுவரும் முயற்சியில், 1989 ஏப்ரலில் அதே நிறுவனம் ‘மைக்ரோடாக்’கை வெளியிட்டது. எடை 350 கிராம் அளவுக்கு இறங்கியது. விசைகளை மறைக்க ஒரு சிறு மூடி. அதைக் கீழே தள்ளினால் வாயருகே நீளும். பின்னர் வந்த மைக்ரோடாக்குகளில் ஒலிவாங்கி மூடியைவிட்டு உடலுக்குள் போய்விட்டது. வெறும் பிளாஸ்டிக் தகடாகிவிட்ட பிறகும் மூடியை யாரும் எடுத்தெறியவில்லை.

உடலையே இரண்டாக மடித்த கைப்பேசி ஜப்பானில் முன்னதாக வந்தது. என்டிடி வலைப்பின்னலுக்காக என்இசி நிறுவனம் செய்த ‘மோவா என்’ 1991-இல் வெளியானது. உலகம் கவனித்தது என்னவோ 1996 ஜனவரியில் மோட்டோரோலா கொண்டுவந்த ‘ஸ்டார்டாக்’கைத்தான். 88 கிராம் எடைக்கு 1,000 டாலர் விலை. மணிக்குப் பதில் அதிர்வால் அழைப்பை உணர்த்தும் வசதியை மக்களுக்குப் பழக்கியதும் இதுவே. இடுப்பு வாரில் மாட்டிக்கொள்ளும் நகைபோல விளம்பரமானது. சுமார் 6 கோடி விற்றது.

ஜப்பான், கொரியா

கிழக்காசியாவில் கீலுக்கு வேறொரு பயன் கிடைத்தது. விசைகளும் திரையும் ஒரே முகத்தில் இடத்துக்குச் சண்டை போட வேண்டியதில்லை. மேல்பாதி முழுவதையும் திரைக்குக் கொடுத்துவிடலாம். 1999 பிப்ரவரியில் டோகோமோ நிறுவனம் கைப்பேசியிலேயே மின்னஞ்சலும் செய்தியும் பயணச்சீட்டுப் பதிவும் தரும் ‘ஐ-மோட்’ சேவையைத் தொடங்கியபோது, படிப்பதற்குப் பெரிய திரை தேவைப்பட்டது. அந்தச் சேவைக்காகக் குரிதா ஷிகெதாகா வரைந்த 176 குறிப்படங்கள் ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிகளில் அடங்கியவை. இன்றைய எமோஜிகளின் மூதாதையரில் அவையும் உண்டு. சில ஆண்டுகளில் ஜப்பானியக் கைப்பேசி என்றாலே மடிவதுதான் என்றாயிற்று. மூலையில் பொம்மைக் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். ரயிலில் போகும்போது கட்டைவிரலால் நாவலே எழுதியவர்கள் உண்டு. தொடுதிரை வந்து உலகம் வேறு வழி போனபின், தனித்தீவில் தனியாக வளர்ந்த உயிரினம் என்ற பொருளில் கலாபகோஸ் தீவுகளின் பெயரை ஒட்டி இவற்றைக் ‘கராகே’ என்று அழைத்தார்கள். சொல்லில் கேலி பாதி, பாசம் பாதி. ஐ-மோட் சேவை 2026 மார்ச் 31-உடன் முடியும் என்று டோகோமோ அறிவித்தது.

கொரியாவில் இதற்குப் பெயர் ‘ஃபோல்டர் போன்’. சாம்சங் 2002-இல் வண்ணத் திரையோடு விட்ட ‘டி100’ ஒரு கோடிக்கு மேல் விற்றது. 2003-இல் வந்த ‘இ700’ தலையில் நீட்டிக்கொண்டிருந்த ஏரியலை உடலுக்குள் ஒளித்தது. பின்லாந்தின் நோக்கியா இந்தக் காலம் முழுக்க மடக்குவதில் அக்கறை காட்டவில்லை. அதன் முதல் மடக்கு செல்பேசியான ‘7200’ வருவதற்குள் 2004-இன் தொடக்கத்தில் சந்தையில் அதன் பங்கு சரிந்திருந்தது.

ரேசர்

2004 ஜூலையில் மோட்டோரோலா அறிமுகம் செய்த ‘ரேசர் வி3’யோடு மடக்கு செல்பேசி உச்சத்தைத் தொட்டது. மூடிய நிலையில் தடிமன் 13.9 மில்லிமீட்டர். அலுமினிய உடல். விசைப்பலகை ஒரே உலோகத் தகடு. எண்களுக்கு இடையிலான கோடுகள் நீல ஒளியில் மின்னும். முதலில் செல்வந்தர்களுக்கென்று 500 டாலரில் விற்றார்கள். பிறகு விலையை இறக்கி, இளஞ்சிவப்பு உட்பட நிறம் நிறமாக விட்டார்கள். நான்கு ஆண்டுகளில் 13 கோடிக்கு மேல் விற்று, மடக்கு வகையில் மிக அதிகம் விற்றது என்ற பெயரைப் பெற்றது. அந்த வெற்றியே நிறுவனத்துக்கு வினையாயிற்று என்று சொன்னால் தப்பில்லை. அடுத்தது என்ன என்று கேட்டபோதெல்லாம் இன்னொரு ரேசரையே நீட்டினார்கள். 2007-இல் ஐபோன் வந்தது.

கீலின் உள்ளே

மேல்பாதித் திரைக்கும் கீழ்ப்பாதிப் பலகைக்கும் இடையில் செய்தி போவது கீலின் ஊடாகச் சுருண்டு செல்லும் மெல்லிய நாடாவில். பழுது பார்ப்பவர்கள் இதை ‘ஃப்ளெக்ஸ்’ என்பார்கள். மூடியில் ஒரு சிறு காந்தம். எதிரே அதை உணரும் ஒரு சில்லு. காந்தம் நெருங்கினால் மூடியாயிற்று என்று பொருள். சட்டென்று திறந்து ஒரு கோணத்தில் நிற்பது வில்லின் வேலை. ‘டக்’ என்ற சத்தமும் அதிலிருந்துதான்.

பழுதும் இங்கேதான். ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்த நாடா ஒருநாள் உள்ளுக்குள் முறியும். முதலில் திறக்கும்போது திரை கண்சிமிட்டும். பிறகு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால் மட்டும் படம் வரும். கடைசியில் வெறும் வெள்ளை. பேச்சு கேட்கும், யார் பேசுகிறார்கள் என்பதுதான் தெரியாது. பக்கவாட்டில் கீல் விரிசல் விட்டு, ரப்பர் வளையம் போட்டு ஓட்டிய போன்களும் உண்டு.

பயன்பாடு

வைத்திருந்தவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது கோபத்தைப் பற்றியதாக இருக்கும். சண்டை போட்டுவிட்டுப் பட்டென்று மூடலாம். எதிர்முனைக்கு அந்தச் சத்தம் போய்ச் சேராது என்றாலும் மூடியவருக்கு ஒரு நிம்மதி. பைக்குள் கிடந்து தானாக யாரையும் அழைக்காது. திரையில் கீறல் விழாது. கன்னத்தின் வளைவோடு பொருந்துவதால் வாயருகே பேசும் துளை வரும். இரைச்சலிலும் குரல் போகும். காதுக்கருவி வைத்திருப்பவர்களுக்கு நேர்த்தகட்டுப் போன்களைவிட இவை ஒத்துப்போவது பலரும் கண்டது. ஏரியல் காதிலிருந்து விலகியிருந்தால் கருவியில் இரைச்சல் குறையும்.

குறைகளும் அதே அளவுக்குப் பழக்கமானவை. வெளித்திரை இல்லாத பழைய மாதிரிகளில் அழைப்பது யார் என்று பார்க்கத் திறந்தாலே அழைப்பு இணைந்துவிடும். தவிர்க்க நினைத்த கடன்காரரிடமே “ஹலோ” சொல்ல வேண்டிவரும். அமைப்புகளில் இதை நிறுத்தலாம் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒலிபெருக்கியில் போட்டுப் பேசும்போது பழக்கதோஷத்தில் மூடினால் பேச்சு அறுந்துவிடும்.

எழுதுவது தனி உழைப்பு. ஒரு விசைக்கு மூன்று, நான்கு எழுத்து. ‘சாப்டியா’ என்று ஆங்கில எழுத்தில் அடிக்க ஏழெழுத்துக்குப் பதினான்கு அழுத்தல்கள். முதல் எழுத்துக்கே 7-ஐ நான்கு முறை குத்த வேண்டும். சொல்லை ஊகிக்கும் ‘டி9’ வசதி அழுத்தல்களை ஏழாகக் குறைக்கும். ஆனால் ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழ் அதன் அகராதிக்குத் தெரியாது; சாப்பாட்டை விசாரித்தால் வேறு எதையோ நீட்டும். தமிழ் எழுத்து இல்லாத மாதிரிகளில் தமிழ்ச் செய்தி கட்டம் கட்டமாக வந்து நிற்கும்.

இந்தியாவில்

இங்கே மடக்கு செல்பேசி பெருவாரியான மக்களின் கருவியாக ஒருபோதும் ஆகவில்லை. 2003-இல் வந்த நோக்கியா 1100 தூசிக்கும் வியர்வைக்கும் ஈடுகொடுத்தது. தலையில் டார்ச் விளக்கு வேறு. வயலுக்கும் பட்டறைக்கும் கொண்டுபோகும் போனில் தூசி நுழையக் கீல் எதற்கு? 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014-இல் மூடிய நோக்கியா ஆலையின் பெரும்புகழும் இத்தகைய எளிய போன்களாலேயே வந்தது. மடிப்பது கொஞ்சம் வசதியானவர் வைத்திருப்பது. நாடா முறிந்தால் சென்னையில் ரிச்சி தெருவைத் தேடிப் போக வேண்டியது.

இன்று நிலைமை தலைகீழ். தொடுதிரை எளிய வீட்டிலும் இருக்கிறது. மடக்கு செல்பேசி அந்த வீட்டுத் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ வாங்கப்படுகிறது. 2022 ஆகஸ்டில் 4,699 ரூபாய்க்கு வந்த ‘நோக்கியா 2660 ஃப்ளிப்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பெரிய எழுத்து, பெரிய விசை, கழற்றி மாட்டும் பேட்டரி, ஆபத்தென்றால் அழுத்த ஒரு தனி விசை. வங்கியின் ஓடிபி குறுஞ்செய்தியாக வந்துவிடும். கடையில் ஒட்டியிருக்கும் கட்டத்தை ஸ்கேன் செய்து பணம் செலுத்துவதற்குத்தான் வழியில்லை. அதற்கு மாற்றாக 2022 மார்ச்சில், அழைப்பின் வழியாகவும் பணம் செலுத்த உதவும் ‘யுபிஐ 123பே’ முறை வந்தது.

முதியவர், மாணவர், விலகியவர்

மூத்தவர்களுக்கென்றே தனி மடக்கு செல்பேசி செய்யும் எண்ணத்திலும் மார்ட்டின் கூப்பரின் கை உண்டு. அவரும் மனைவி ஆர்லீன் ஹாரிசும் சேர்ந்து கொண்டுவந்த ‘ஜிட்டர்பக்’ 2006-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சாம்சங் செய்துகொடுத்த அந்தப் போனைத் திறந்ததும் பழைய வீட்டுத் தொலைபேசியின் ‘டயல் டோன்’ கேட்கும். கைப்பேசிக்கு அது தேவையே இல்லை, கேட்பவருக்குத்தான் தேவை. பட்டியல்களில் மேலும் கீழும் அலைய வேண்டாம், கேட்ட கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு விசைகள். கைப்பேசியை உருவாக்கியவரே அதை இவ்வளவு தூரம் பின்னோக்கி நடத்தியது இந்த வரலாற்றின் அழகான திருப்பங்களில் ஒன்று.

கொரியர்கள் பெற்றோருக்கு வாங்கித் தரும் இத்தகைய போனை, பெற்றோர்க்குச் செய்யும் கடமை என்ற சொல்லைச் சேர்த்து ‘ஹ்யோதோ போன்’ என்கிறார்கள். அதே நாட்டில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இணையம் முடக்கிய மடக்குப் போனை வாங்கிக்கொள்வதும் உண்டு. இஸ்ரேலில் வைதீக யூதர்களுக்காக மதகுருமார் குழுவின் ஒப்புதலோடு, பேச மட்டும் உதவும் ‘கோஷர் போன்’ 2000-களின் நடுவில் வந்தது. ஆக, நியூயார்க்கின் புரூக்ளினில் பள்ளி மாணவர்கள் ‘லட்டைட் கிளப்’ என்று சங்கம் வைத்து மடக்குப் போனுக்குத் திரும்பியது 2022-இல் பெருஞ்செய்தியானபோது, அது அவ்வளவு புதிய யோசனை இல்லை. முதலீட்டாளர் வாரன் பஃபெட் கதை எதிர்த்திசை: நெடுங்காலம் சாம்சங் மடக்குப் போனையே வைத்திருந்தவர், 2020-இல் ஐபோனுக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்.

விலகி வாழ நினைத்தாலும் வலைப்பின்னல் விடுவதில்லை. அமெரிக்காவில் 2022-இல் பெரிய நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தியபோது, கீல் முறியாத, பேட்டரி தேயாத எத்தனையோ பழைய மடக்குப் போன்கள் ஒரே ஆண்டில் ஊமையாயின. இப்போது விற்பவை 4ஜி-யில் இயங்குபவை; அவற்றில் பலவற்றை நடத்தும் ‘காய்ஓஎஸ்’ இயங்குதளத்துக்குப் புதிதாக வாட்ஸ்அப் இறக்கும் வசதி 2024 ஜூனில் நின்றது.

மடியும் திரை

2019 நவம்பரில் மோட்டோரோலா மீண்டும் ‘ரேசர்’ என்ற பெயரில் ஒரு போனை அறிவித்தது. 1,499 டாலர், இம்முறை மடிந்தது திரையே. மூன்று மாதத்தில் சாம்சங் ‘இசட் ஃப்ளிப்’ வந்தது; அதன் கீல் இரண்டு லட்சம் முறை மடங்கும் என்றார்கள். அந்தப் புதிய ரேசரில் ஒரு விளையாட்டு வசதி உண்டு. தேர்ந்தெடுத்தால் திரையின் கீழ்ப்பாதியில் 2004-இன் உலோக விசைப்பலகை படமாகத் தோன்றும். மேல்பாதி பழைய சிறு திரைபோல நடிக்கும். எண்களைத் தொட்டு அழைக்கலாம். விரலுக்கு எல்லாம் ஒரே வழவழப்பு. பேசி முடித்து மூடினால் மட்டும் பழையபடியே அழைப்பு நின்றுவிடும்.