இடைக்காலம் எந்தத் துறைமுகத்தில் முடிந்தது?

1

வரலாற்றைக் காலங்களாக வெட்டுவது அப்பாவித்தனமான காரியமல்ல. கத்தி யார் கையில் இருக்கிறதோ அவர் வசதிப்படிதான் துண்டு விழும். இடைக்காலம் முடிந்து நவீன காலம் பிறந்ததற்குப் பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த ஆண்டுகள் நாலைந்துதான். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியரிடம் வீழ்ந்தது. 1492இல் கொலம்பஸ். 1498இல் வாஸ்கோ ட காமா. 1517இல் லூதர். கூடவே அச்சு எந்திரம், வெடிமருந்து, திசைகாட்டி. அப்படித்தானே படிச்சோம்? இந்த வாக்கியங்களில் எழுவாய் எப்போதும் ஐரோப்பாதான். மற்ற நிலப்பரப்புகளெல்லாம் செயப்படுபொருளாக வந்து நிற்கின்றன.

தமிழிலக்கிய வரலாற்றின் கத்தி வேறு மாதிரி. சோழர் காலம், நாயக்கர் காலம், ஐரோப்பியர் காலம் என்று அது ஆண்டவர்களின் பெயரால் வெட்டும். முதலாவது பொற்காலம், இரண்டாவது இருண்ட காலம், மூன்றாவது உரைநடை வந்த காலம். இரண்டு பகுப்புகளுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களுக்கு இவை எதிலும் ஒரு தேதிகூடக் கிடையாது.

ஆகவே கேள்வியைத் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கேட்டுப் பார்ப்போம். கல்லணைக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற ஊர் இது. அப்பரும் சம்பந்தரும் பாடிய அக்னீசுவரர் கோயில் இருப்பதால் ஏழாம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்ற ஊர். தண்ணீரும் கோயிலும் நெல்லும் சேர்ந்த இடம். இங்கே இடைக்காலம் எப்போது முடிந்தது?

2

அரசியல் வரலாறு சில தேதிகளைத் தரும். 1279இல் சோழர் ஆட்சி முடிந்தது. 1311இல் மாலிக் காபூர் மதுரைவரை வந்தார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் சரிந்தது. ஐம்பது ஆண்டு கழித்து அந்தச் சரிவின் மிச்சம் நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே வந்து தீர்ந்தது. விஜயநகரப் பட்டம் யாருக்கு என்ற சண்டையில் தஞ்சை ரகுநாத நாயக்கரும் யாசம நாயக்கரும் ஒரு பக்கம், ஜக்கராயனும் மதுரை நாயக்கரும் மறுபக்கம். 1616 வாக்கில் கல்லணையை ஒட்டிய தோப்பூரில் மோதினார்கள். ரகுநாதர் வென்றார். இராமபத்ராம்பா இந்த வெற்றியை வடமொழிக் காவியமாக்கினார்.

அதற்குச் சில ஆண்டுகளில், 1620இல், அதே ரகுநாதர் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக் கொடுத்தார். டென்மார்க் மன்னருக்குப் பனையோலை வடிவிலான பொன்னேட்டில் கடிதம் போயிற்று. உலக வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது ருசியான தேதி. கீழை அரசும் மேலை வணிகக் கம்பெனியும் ஒரே ஏட்டில் சந்திக்கின்றன, இல்லையா?

இதெல்லாம் சரிதான். ஆனால் இந்தத் தேதிகளில் எதிலும் வயலில் நின்றவருடைய வாழ்க்கை திரும்பியதாகத் தெரியவில்லை. நிலவரி வாங்கியவர் மாறினார், நிலத்தோடு கட்டப்பட்ட ஆள் அப்படியே நின்றார். அவருக்கான தேதியைத் தேட வேண்டுமானால் அரண்மனைக் காவியத்தை மூடிவிட்டு விலைப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும்.

3

மனிதரை விற்பது தமிழ்நாட்டுக்கு ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கம் என்று யாரும் ஆறுதல்பட வேண்டாம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தின் நாடகமே ஓர் ஆளோலையைச் சுற்றித்தான் நடக்கிறது. முதியவர் வேடத்தில் வந்த இறைவன், சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த அடிமை ஓலையைக் காட்டி வழக்குத் தொடுக்கிறார். வெண்ணெய்நல்லூர் சபையார் சாட்சிக் கையெழுத்தைச் சரிபார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்தி உருவகமாகவே இதை வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் உருவகம் கேட்பவருக்குப் புரிய வேண்டுமென்றால் ஆளோலை என்கிற ஆவணம் ஊரில் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இருந்தது. சோழர்காலக் கல்வெட்டுகள் அதை 'ஆள்விலைப் பிரமாணம்' என்கின்றன. தஞ்சை மண்ணின் திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, பஞ்ச காலத்தில் வேளாளர் ஒருவரும் அவருடைய இரண்டு பெண்மக்களும் 110 காசுக்குக் கோயிலுக்குத் தங்களையே விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. நிலத்தோடு சேர்த்தே கைமாறிய பள்ளர், பறையர்களுக்கு இந்த அளவு சொல்லும் கல்லில் வாய்த்ததில்லை. பொற்காலத்தின் அடித்தளம் இது.

கொடுமையை ஒப்புக்கொண்ட பிறகு அதன் வடிவத்தையும் பார்க்க வேண்டும். 1201இல் விற்றவரும் வாங்கியவரும் ஒரே வாய்க்கால் தண்ணீர் குடித்தவர்கள். தகப்பனும் மக்களும் ஒரே இடத்தில் இருந்தார்கள். அடிமை வேலை செய்தது தான் பிறந்த மண்ணில். அடுத்த மழை எப்படி என்பது கோயிலுக்கும் கவலை, அடிமைக்கும் கவலை.

4

இப்போது நானூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டுவோம். 1602இல் ஆம்ஸ்டர்டாம் முதலான நகரங்களின் பங்குதாரர் பணத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவாயிற்று. 1621இல் ஜாதிக்காய்க்காகப் பண்டா தீவு மக்களை அது அழித்தொழித்தது. அழித்த பிறகு தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லை. பட்டேவியாவிலும் இலங்கையிலும் கோட்டை கட்ட ஆள் வேண்டும். ஆட்களுக்கான இந்தப் பசி, இந்தியப் பெருங்கடலின் ஒரு கரையில் வரும் பஞ்சத்தை இன்னொரு கரையின் லாபமாக மாற்றியது.

சோழமண்டலக் கரையில் இந்த ஏற்றுமதி அலை அலையாக நடந்தது. 1640களின் நடுவில் விஜயநகரத்துக்கு எதிராக நாயக்கர்கள் எழுந்ததும், பிஜப்பூர்ப் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியது. 1646இல் 2,118 பேர் பட்டேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள், பெரும்பாலும் தென் சோழமண்டலத்தவர். அதைவிடப் பெரிய அலை 1659-61இல் வந்தது. 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு வந்திருந்தன. 1659இல் பிஜப்பூர்ப் படை மறுபடி தஞ்சைக்குள் நுழைந்தது. விஜயராகவ நாயக்கர் கோட்டையைக் காக்க முடியவில்லை. படை போன வழியில் விளைச்சல் போயிற்று, பஞ்சம் தொடர்ந்தது. நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி அந்த ஆண்டுகளில் வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பகுதியினர் இலங்கைக்குப் போனார்கள். மிச்சப் பேர் பட்டேவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

இலங்கையில் அவர்களுக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று நெல் விளைவிப்பது. காவிரிப் படுகையில் நெல் விளைவித்த கைகள், நெல்லில்லாமல் விற்கப்பட்டு, இன்னொருவர் நெல்லை விளைவிக்கக் கடல் தாண்டின. நான் தேடிய தேதி இதுதான். அடிமைத்தனம் பழையது. ஆனால் உள்ளூர்ப் பஞ்சம் உலகச் சந்தையில் ஒரு விலையாகப் பதிவானது புதியது. தகப்பனும் மகளும் கணக்கேட்டில் தலை எண்ணிக்கை ஆனார்கள். வாங்கியவர்களின் முதலாளி காவிரியைப் பார்த்ததேயில்லை. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகிற இடம் இது.

மார்க்ஸ் 'மூலதன'த்தில் ஆதித் திரட்டலைப் பற்றி எழுதும்போது செலிபஸ் தீவில் டச்சுக்காரர்கள் ஆள் திருடியதைக் குறிப்பிடுகிறார். நாகப்பட்டினம் அங்கே வரவில்லை. இங்கே திருட அவசியம் இருக்கவில்லை. விலைக்கு விற்கும் வழக்கம், ஓலை, சாட்சி எல்லாம் நம்மிடம் தயாராக இருந்தன. மூலதனம் இடைக்காலத்தை ஒழித்துவிட்டு வரவில்லை. அதையே படிக்கட்டாக்கிக் கரையேறியது.

5

இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, இதை முஸ்லிம் படையெடுப்பின் விளைவாகச் சுருக்குவது. இன்று இந்த வாசிப்புக்கு ஆதரவு அதிகம். ஆனால் 1659இல் பிஜப்பூர்ப் படையை நடத்தியவர்களில் ஒருவர் ஷாஜி போன்ஸ்லே, அதாவது சிவாஜியின் தந்தை. 1673இல் விஜயராகவரைக் கொன்று தஞ்சையைப் பிடித்தது மதுரை நாயக்கர் படை. சூறையாடலுக்கு மதம் ஒரு தடையாகவும் இல்லை, காரணமாகவும் இல்லை.

இரண்டாவது, எல்லாப் பழியையும் வெள்ளைக்காரர் தலையில் போடுவது. 1688 வாக்கில் தஞ்சையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை, பெரும்பாலும் சிறுமிகளையும் சிறுவர்களையும், நாகப்பட்டினம் வழியாக ஆச்சேவுக்கும் ஜோகூருக்கும் ஏற்றிச் சென்றவர்கள் ஆசிய வணிகர்கள். கடல் தாண்டிய தமிழன் என்று பெருமைப்படுகிறவர்கள் இந்தக் கப்பல்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதே காலத்தில் விஜயராகவர் அவையில் என்ன எழுதப்பட்டது? அரசனின் அன்னசத்திரத்தைக் களமாகக் கொண்டு புருஷோத்தம தீட்சிதர் 'அன்னதான மகாநாடகம்' எழுதினார். சோறு போடுவதே அரசனின் இலக்கணம் என்று நாயக்கர் அவை கொண்டாடியதை நாராயண ராவ், ஷுல்மன், சுப்ரமண்யம் மூவரும் 1992இல் வந்த தங்கள் நூலில் விரிவாகப் பேசுகிறார்கள். அவர்களுக்கு அது புதிய அரசியல் கற்பனை. துறைமுகத்திலிருந்து பார்த்தால் அந்தப் பந்தியின் மறுபக்கமும் தெரியும். தமிழில் பள்ளு இலக்கியம் தழைத்ததும் இந்த நூற்றாண்டுகளில்தான். அதில் பள்ளன் கதைத் தலைவனாகிறான், ஆனால் சிரிப்புக்குரியவனாக, இரண்டு மனைவியர் சண்டையில் சிக்கியவனாக, பண்ணைக்காரனிடம் தொழுமரத்தில் மாட்டப்பட்டவனாக. நெல் வகைகளை வரிசையாகப் பெயர் சொல்லும் அந்தப் பிரதிகளில் கப்பல் ஏறியவர்கள் இல்லை. அந்த இல்லாமையையும் நாம் வாசிக்கத்தான் வேண்டும்.

அச்சு வந்த கதையும் இந்தக் கரையில் தனியாக நடக்கவில்லை. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு 1714இல் தமிழ் வேதாகமத்தை அச்சிடத் தொடங்கியதை நவீனத்துவத்தின் விடியலாக எழுதுகிறோம். 1707 மே மாதம் அவர் அங்கே முதலில் ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனிஷ் எஜமானர்களின் அடிமைகள். புத்தகமும் அடிமையும் ஒரே தெருவில் இருந்தார்கள்.

நிலத்தில் மட்டும் பழைய காலம் நின்று கொண்டேயிருந்தது. 1843இல் சட்டம் அடிமை உரிமையை ஏற்க மறுத்தது. ஆனாலும் பண்ணையாள் முறைக்கு எதிராகத் தஞ்சைக்கென்று தனிச் சட்டம் வர 1952 ஆயிற்று. அதற்கும் பிறகு, 1968 டிசம்பர் 25இல், கூலி கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நாகப்பட்டினம் துறையில் 1660 வாக்கிலேயே நவீன காலத்துக்குள் தள்ளப்பட்ட ஒரு சமூகத்தை, வயலில் மட்டும் இடைக்காலத்திலேயே வைத்திருக்க முடிந்தது. யாருடைய நெல்லுக்காக, யாருடைய சம்மதத்தோடு என்று கேட்காத எந்தக் காலப்பகுப்பும் பாதி வரலாறுதான்.