வஹகோட்டை: கண்டி இராச்சியத்தில் ஒரு கத்தோலிக்க ஊர்

வஹகோட்டை இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அண்மையில் உள்ள சிற்றூர். புனித அந்தோனியார் திருத்தலத்தால் நாடெங்கும் அறியப்படுவது. பௌத்த அரசர்கள் ஆண்ட கண்டி இராச்சியத்தின் எல்லைக்குள், கடலோரத்திலிருந்து வெகு தொலைவில், கத்தோலிக்க விசுவாசம் தலைமுறை தலைமுறையாக நிலைத்த மிகச் சில ஊர்களில் இதுவும் ஒன்று. ஆகவே இலங்கைக் கத்தோலிக்கத்தின் வரலாற்றிலும், சிங்கள, தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் வரலாற்றிலும் இதன் பெயர் வந்துபோகிறது.

தோற்றம்

இவ்வூர்க் கத்தோலிக்கரில் ஒரு பகுதியினர் போர்த்துக்கேயப் போர்வீரர் வழிவந்தோர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் செய்தி. அவர்கள் எப்போது, எவ்வாறு வந்தனர் என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. 1630இல் ரந்தெனிவெலையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படை கண்டியரிடம் முறியடிக்கப்பட்டது. அப்போது சிறைப்பட்டவர்களை அரசன் இங்கே குடியமர்த்தினான் என்பது ஒரு கூற்று. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனிடம் அடைக்கலம் புகுந்தவர்களே முன்னோர் என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையாயிருக்கத் தடையில்லை. 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் கைதியாயிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், அரசனிடம் பணிபுரிந்த போர்த்துக்கேயரைப் பற்றிப் பேசுகிறார். அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். குடும்பங்கள் காலப்போக்கில் சிங்களம் பேசலாயின, விசுவாசம் மட்டும் மாறவில்லை.

லிஸ்பனில் பிறந்து 1231இல் பதுவா நகரருகே இறந்த அந்தோனியார் போர்த்துக்கேயருக்குச் சொந்த நாட்டுப் புனிதர். படைவீரர் அவரிடம் கொண்ட பக்தி பெயர்பெற்றது. போர்த்துக்கல்லில் அவர் பெயரையே ஒரு படைப்பிரிவின் பேரேட்டில் சேர்த்திருந்தார்கள். வஹகோட்டை மக்கள் வேறொரு புனிதரைத் தேர்ந்திருந்தால்தான் வியப்பு.

கோவாக் குருக்களின் காலம் (1687–1745)

இக்காலத்துக்கு மட்டும் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. இலங்கையில் பணிசெய்த ஓரத்தோரியன் சபைக் குருக்கள் கோவாவிலிருந்த தம் தலைமைக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதிவந்ததே அதற்குக் காரணம். இருபதாம் நூற்றாண்டில் யேசு சபை வரலாற்றாசிரியர் எஸ். ஜி. பெரேரா அந்தக் கடிதங்களைத் தேடியெடுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதிகளில் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து, குருக்களைத் துரத்தி, அவர்களுக்கு இடம் கொடுப்போரைத் தண்டித்தனர். அந்நிலையில்தான் கோவாவைச் சேர்ந்த ஓரத்தோரியன் குருவானவர் யோசேப் வாஸ் (1651–1711) 1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கத்தோலிக்கர் யாரென்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. கழுத்தில் பெரிய செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டவர் முகத்தில் என்ன தோன்றுகிறதென்று பார்த்தே தம்மவரை அடையாளம் கண்டார். சில்லாலையை மையமாக வைத்து இரவுகளில் பூசை வைத்தார். பின் புத்தளம் சென்று, அங்கிருந்து 1692இல் கண்டியை அடைந்தார்.

கண்டியில் லனறோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றன் எனச் சொல்ல, வாஸ் சிறைவைக்கப்பட்டார். காவல் மெல்லத் தளர்ந்தது. பூசைக்கும் வழி பிறந்தது. வறட்சியின்போது அவர் செபித்ததும் மழை பெய்தது என்ற செய்தியைக் கத்தோலிக்கர் இன்றும் சொல்வர். வரலாற்றில் இதனினும் உறுதியாகத் தெரிவது 1697ஆம் ஆண்டுப் பெரியம்மை. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகல, நோயாளிகள் தெருவிலும் காட்டிலும் விடப்பட்டனர். வாஸும் அவருடைய உறவினரான யோசேப் கர்வால்ஹோ அடிகளும் அவர்களுக்குக் குடிசை போட்டு, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, புண் கழுவி, இறந்தோரைப் புதைத்தனர். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் (1687–1707) அவர்களை நாட்டில் தடையின்றி நடமாட விட்டதற்கு இதுவே பெருங்காரணம் எனலாம்.

குருக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஊர்களோ தீவெங்கும் சிதறிக்கிடந்தன. ஓர் ஊருக்குக் குருவானவர் வருவதே அரிது. ஆகவே வாஸ் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். ஞாயிறன்று மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவித்தல், குழந்தைகளுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தல், சாவோரின் அருகிருந்து செபித்தல், அடக்கம் செய்தல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் வஹகோட்டை போன்ற ஊர்களின் வரலாறு அடுத்த தலைமுறையோடு முடிந்திருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எழுத்து

செபம் சொல்விக்க நூல் வேண்டும். அதைத் தந்தவர் கோவாவின் திவார் தீவில் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742). 1705இல் இலங்கை வந்த அவர் தமிழில் பணி தொடங்கி, பின்னர் வாஸின் விருப்பப்படி சிங்களத்தை ஆழமாகக் கற்றார். இரு மொழிகளிலும் போர்த்துக்கேயத்திலுமாக அவர் எழுதியவை நாற்பதுக்கும் மேல் என்பது வழக்கமான கணக்கு; சில நூல்கள் அவருடையனவா என்பதில் ஐயம் உண்டு. சிங்களத்தில் ‘தேவ வேத புராணய’ பெயர்பெற்றது. சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்றே அவரைச் சொல்வர்.

தமிழருக்கு அவர் ‘வியாகுல பிரசங்க’த்தின் ஆசிரியர். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இந்நூலைத் தவக்காலத்தில், குறிப்பாகப் பெரிய வாரத்தில், கோயிலில் இராகமிட்டு வாசிக்கும் வழக்கம் ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வேரூன்றியது. இழவு வீட்டு ஒப்பாரியின் சாயல் அந்த இராகத்தில் கேட்கும். எழுத்தறியாத மூதாட்டிகளும் அடுத்து வரும் வரியை முந்திக்கொண்டு முணுமுணுப்பார்கள். சிங்களக் கத்தோலிக்கரிடம் ‘பசன்’ எனப்படும் பாடுகளின் புலம்பல்களும் இதே பணியின் வழியாகப் பரவியவை. தமிழும் சிங்களமும் ஒரே ஆசிரியரிடமிருந்து ஒரே துக்கத்தைப் பெற்றுக்கொண்டது இத்தீவில் அடிக்கடி நிகழ்ந்ததன்று.

கொன்சால்வெஸிடம் அச்சுக்கூடம் இல்லை. 1730களில் கொழும்பில் ஒல்லாந்தர் நிறுவிய அச்சகம் அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையின் நூல்களையே அச்சிட்டது. கத்தோலிக்க நூல்கள் கையால் படியெடுக்கப்பட்டே ஊர் ஊராகச் சென்றன. ஒரு வகையில் அது நல்லதாயிற்று: கைப்படி மூப்பரின் வீட்டுப் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும்.

தடையும் பின்னரும்

நரேந்திரசிங்கன் (1707–1739) காலத்தில் கொன்சால்வெஸ் அரசவையில் மதிப்புடன் இருந்தார். அடுத்து அரியணையேறிய நாயக்கர் மரபினனான ஸ்ரீ விஜய இராஜசிங்கனின் ஆட்சியில் (1739–1747) நிலைமை தலைகீழாயிற்று. குருக்கள் வெளியேற்றப்பட்டனர், கோயில்கள் இடிக்கப்பட்டன. ஒல்லாந்தரின் தூண்டுதலா, பௌத்த மறுமலர்ச்சியின் வேகமா, கத்தோலிக்க நூல்கள் பௌத்தத்தைத் தாக்கியதால் எழுந்த சினமா என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமனப்படவில்லை. அதன்பின் வஹகோட்டைக் கத்தோலிக்கர் நெடுங்காலம் நிலையான குரு இன்றியே வாழ்ந்தனர்.

1806இல், ஒல்லாந்தருக்குப் பின் வந்த பிரித்தானிய அரசு கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்களை நீக்கியது. 1815இல் கண்டி பிரித்தானியரிடம் வீழ்ந்தது. 1883இல் கண்டி தனி அப்போஸ்தலிக்க விகாரியமாகப் பிரிந்து, 1886இல் மறைமாவட்டமாயிற்று. சில்வெஸ்திரியன் துறவிகள் அங்கே பணியாற்றினர்.

போர்த்துக்கேயக் கிரியோல் மொழி மட்டக்களப்புப் பறங்கியரிடையே இன்னும் ஒருவாறு எஞ்சியிருக்கிறது. வஹகோட்டையிலும் அது இரண்டு தலைமுறைக்கு முன்புவரை பேசப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

திருத்தலத்துக்குச் சிங்களவரும் தமிழரும், கத்தோலிக்கரல்லாதோருங்கூட, நேர்த்திக்கடன் வைத்து வருகின்றனர். காணாமற்போன பொருளுக்கும் வராத பிள்ளைக்கும் அந்தோனியாரிடம் முறையிடுவது இலங்கை முழுவதற்கும் பொதுவான பழக்கம். வாஸ் 1995இல் கொழும்பில் இரண்டாம் யோவான் பவுலினால் அருளாளராகவும், 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பிரான்சிஸ் திருத்தந்தையினால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.