முன்ஷி என்னும் சொல்

பள்ளிகளில் தமிழ் கற்பித்த ஆசிரியரை 'தமிழ் முன்ஷி' என்றழைக்கும் வழக்கம் தமிழகத்தில் ஒரு காலத்தில் இருந்தது. முன்ஷி என்பது தமிழ்ச் சொல் அன்று. பாரசீகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்த அரபுச் சொல். அது சென்ற வழியை நோக்கினால், மொழியாசிரியரைச் சமுதாயம் எவ்வாறு மதித்தது என்பதும் விளங்கும்.

அரபு மொழியில் 'இன்ஷா' என்பது புதிதாக ஒன்றை ஆக்குதல். கட்டடம் எழுப்புதலையும் கட்டுரை வரைதலையும் அச்சொல் குறிக்கும். ஆக்குவோன் முன்ஷி. முகலாயர் அரசவையில் இது செயலாளரைக் குறித்தது. ஷாஜகானிடம் முன்ஷியாக விளங்கிய சந்திரபான் ஓர் அந்தணர். சமயமன்று, பாரசீகப் புலமையே அப்பதவிக்குத் தகுதியாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில் பொருள் மாறியது. ஆங்கில அலுவலருக்கு இந்திய மொழிகளைக் கற்பித்தோரும் முன்ஷி எனப்பட்டனர். கல்கத்தாவில் 1800-இலும் சென்னையில் 1812-இலும் இதற்கெனக் கல்லூரிகள் எழுந்தன. நாளடைவில் வட இந்தியாவில் கணக்கெழுதுவோரும் அப்பெயர் பெற்றனர். குசராத்தில் அது குடும்பப் பெயருமாயிற்று.

இனி நம் பினாங்கிற்கு வருவோம். ராபிள்ஸ் 1805 முதல் 1810 வரை இங்குப் பணியாற்றியபோது, அவருக்கு மலாய்த் திருமுகங்களை வரைந்தவர் இப்ராகிம். இவர் சூலியர் குடும்பத்தவர். பக்கீர் கண்டு என்பாரின் மைந்தர். இவர்தம் உடன்பிறந்தாரான அகமது ரிஜாலுத்தீன் 1810-இல் கல்கத்தா சென்று, தாம் கண்டவற்றை 1811-இல் மலாய் நூலாக்கினார். தமிழ் மண்ணில் வேர்கொண்ட குடும்பம், மலாய் உரைநடைக்குத் தொண்டாற்றியது.

மலாக்காவில் பிறந்த அப்துல்லாவின் முன்னோர் யேமனிலிருந்து நாகூருக்கு வந்து மணவுறவு கொண்டவர்கள். அவர் இளமையில் தமிழும் பயின்றார். கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் படைவீரர்களுக்குத் திருக்குர்ஆன் கற்பித்தபோது, அவர்களே தம்மை முன்ஷி என்றழைத்தனர் என்று தம் வரலாற்றில் கூறுகிறார். அந்நூல் 1849-இல் அச்சேறியது. அரசாணையால் வந்த பட்டமன்று. மாணாக்கர் தந்த பெயர். அதுவே இன்றளவும் நிலைத்துள்ளது.

மலாய் மொழியில் 'முன்ஷி' இன்றும் மொழியறிஞரைக் குறிக்கும் பெருமைச் சொல். டேவான் பகாசா டான் புஸ்தாகா தன் மொழி வல்லுநர்க்கு 'முன்ஷி டேவான்' என்னும் தகுதியை வழங்குகிறது. தமிழகப் பள்ளிகளிலோ, ஆங்கிலம் கோலோச்சிய நாளில், மற்ற ஆசிரியரினும் குறைந்த ஊதியத்தோடு பொருந்திப் போன பெயராயிற்று. சொல் ஒன்றே, இரு நிலங்களில் இருவேறு நிலை. தவறு சொல்லினுடையதா? அன்று. மொழிக்கு நாம் அளிக்கும் இடமே அம்மொழியைக் கற்பிப்பவர்க்கும் கிட்டுகிறது. தமிழாசிரியர்களும் மாணவர்களும் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக.