அப்பாயிக்கு இருந்த ஆறு மாதம்

எங்கள் ஊரிலிருந்து தெற்கே போனால் தரங்கம்பாடி, அடுத்து பொறையார், அதைத் தாண்டினால் நண்டலாறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களுடைய காரைக்கால். தரங்கம்பாடியை 1620 முதல் வைத்திருந்த டேனிஷ்காரர்கள் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போகவில்லை. திருக்கடையூருக்கும் காரைக்காலுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு பக்கமும் ஒரே வண்டல், ஒரே குறுவை, ஒரே சம்பா. சொந்தக்காரர்களும் ஒரே ஆட்கள்தான். அத்தை மகளும் மாமன் மகனும் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். கல்யாணப் பேச்சில் யாரும் கொடியைப் பார்க்கவில்லை.

அப்படி வந்தவள் என் அப்பாவின் அம்மா. காரைக்காலில் பிறந்து 1951இல் திருக்கடையூருக்கு வாழ வந்தாள். முதல் பிரசவத்துக்கு வழக்கப்படி தாய்வீடு போனாள். பெரிய அத்தை பிறந்தது பிரெஞ்சு மண்ணில். அப்பாவும் அடுத்தவர்களும் பிறந்தது இந்தியாவில். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுப் பதிவேடுகளில் ஏறியதற்குக் காரணம் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம்தான். எல்லைகளைப் பற்றிய வரலாற்று நூல்களில் சுங்கச்சாவடி வருகிறது, கடத்தல் வருகிறது, போராட்டம் வருகிறது. நிறைமாதக் கர்ப்பிணி மாட்டுவண்டியில் எல்லையைக் கடந்து போனது வருவதில்லை.

அப்பாயியின் தம்பி சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா போய் வந்தவர். இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் பாரிசுக்கு வெளியே இருக்கிறார்கள், பிரெஞ்சுக் குடிமக்களாக. நாங்கள் ரேஷன் அட்டைக்காரர்கள். அக்காவும் தம்பியும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். பிறப்புப் பதிவும் ஒரே மேரி கட்டடத்தில். என் தம்பி மகன் பாரிசில் படிக்க ஆசைப்பட்டபோது, "கொள்ளுப்பாட்டி பிரெஞ்சுக்காரிதானே, நமக்கு அந்த உரிமை கிடையாதா அத்தை?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

நடந்தது இது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர இழுத்தடித்ததில் அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல். இடையில் எட்டு ஆண்டுகள் புதுச்சேரியும் காரைக்காலும் இந்திய நிர்வாகத்தில், சட்டப்படி பிரெஞ்சு மண்ணாக இருந்தன.

அந்தப் பகுதிகளில் பிறந்து அங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் 1962 ஆகஸ்ட் 16 முதல் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள்; பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். அங்கே பிறந்து இந்திய யூனியனில் வசிப்பவர்களுக்கும் இதே தேர்வு உண்டு. இந்த இரண்டாவது வகை யார் என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போன ஆண்கள் சிலர் இருப்பார்கள். மற்றபடி நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம் வாக்கப்பட்டு வந்த பெண்கள். எழுதியவர்கள் பெண்களை நினைத்து எழுதியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் எழுத்து அவர்களுக்கும் பொருந்துகிறது.

பெண்களை நேரடியாகத் தொடும் வரி ஒன்றும் இருக்கிறது: கணவனின் தேர்வு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது. 1881இல் பிரெஞ்சிந்தியாவில் வந்த ஆணை ஒன்று இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ தன் சாதி, மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. கணவன் துறந்தால் மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் சேர்ந்தே துறந்தவர்கள். அவளிடம் கேட்க வேண்டியதில்லை. முக்கால் நூற்றாண்டு கழித்து 1956 ஒப்பந்தம் அவளைத் தனி ஆளாக எண்ணியது. பழைய பிரெஞ்சுச் சட்டத்தில் அந்நியனை மணந்தவள் கணவன் நாட்டுக்காரியாகிவிடுவாள். 1927இல் அது மாறி, அவள் தன் குடியுரிமையை வைத்துக்கொள்ள முடிந்தது. அப்பாயியின் கல்யாணம் 1951இல். ஆகவே 1962 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதம் அந்த உரிமை அவளுக்கு, அவள் பெயரிலேயே இருந்தது என்றுதான் நான் படிக்கிறேன்.

அவளுக்கு அது தெரியாது. தேர்வுக் கடிதம் இரண்டு பிரதிகள் தரவேண்டும், ஒன்று பிரெஞ்சில், ஒன்று ஆங்கிலத்தில். யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களுடைய மொழியில் ஒரு பிரதி கேட்கப்படவில்லை. அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். தம்பிக்குத் தெரிந்திருந்தது, பட்டாளத்துக்காரர்களுக்கு ஓய்வூதியம் இருந்ததால் அவர்களுக்குள் பேச்சு ஓடியது. அவர் தன் மனைவியை அழைத்துப்போய்க் கைநாட்டு வைக்க வைத்தார். தனித் தேர்வு என்று ஒப்பந்தம் சொன்னது, கட்டைவிரலைப் பிடித்து வைத்தவர் கணவர். அக்காவிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள்தான் இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டவளாயிற்றே. அந்த ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

சரி, தெரிந்து எழுதிக் கொடுத்திருந்தால்? பதினெட்டு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தீர்மானிப்பது தகப்பனின் கடிதம். தகப்பன் இறந்திருந்தால் மட்டுமே தாயின் கடிதம். தாத்தா 1962இல் நன்றாக உயிரோடிருந்தார், இந்தியராக. அப்பாயி தனக்கு மட்டும் பிரெஞ்சுக்காரியாக இருந்திருக்கலாம்; தன் கடிதத்தில் பிள்ளைகளின் பெயரை எழுதும் உரிமை அவளுக்குக் கிடையாது. அதாவது பிள்ளையைத் தன் காகிதத்தில் ஏற்ற அவள் முதலில் விதவையாக வேண்டும்.

இன்னொரு விதியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பதினாறு வயதைத் தாண்டிய, மணமான ஆண் பிள்ளைகள் தாங்களே தேர்ந்துகொள்ளலாமாம். அன்றைய காவிரிப் பாசனத்தில் பதினாறு வயதில் மணமாகியிருந்தவர்கள் யார்? பெண்கள். பதினாறு வயது மாப்பிள்ளையை எண்ணிப் பார்த்து விதி எழுதியவர்களுக்கு, ஊர்தோறும் இருந்த பதினாறு வயது மணப்பெண் கண்ணில் படவில்லை. இதில் எங்கள் ஊரையும் சொல்ல வேண்டும். அறுபதாம் கல்யாணத்துக்கு நாடெங்கிலுமிருந்து திருக்கடையூர் வருகிறார்கள். எண்ணப்படுவது கணவனின் அறுபது. பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருப்பவளின் வயதை யாரும் கேட்பதில்லை.

காகிதம் தகப்பன் வழியாக மட்டும் ஓடுவது பிரெஞ்சுக்காரர்களின் தனிக் குணம் என்று நினைத்துவிடக் கூடாது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழித் தாத்தாவும் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோர் நாடற்றவரானது இந்தச் சட்டத்தால்தான். தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. பாட்டி தோட்டத்திலேயே பிறந்திருந்தாலும் பேரனுக்கு அது கணக்கில் வராது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு என்று பிரித்தார்கள். 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. தாய் வழியாகவும் குடியுரிமை வரும் என்று இலங்கை திருத்திக்கொண்டது 2003இல்.

இந்தியாவின் கதை வேடிக்கையானது. அரசியலமைப்பின் எட்டாவது பிரிவு, வெளிநாட்டில் வசிப்பவரின் தாய் தகப்பனில் ஒருவரோ, தாத்தா பாட்டி நால்வரில் எவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் தூதரகத்தில் பதிந்து குடிமகனாகலாம் என்றது. அம்மாவைப் பெற்றவளும் அதில் அடக்கம். ஐந்தே ஆண்டில் 1955 சட்டம் வந்து, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் இந்தியனாக இருக்க வேண்டும் என்றது. தாயும் போதும் என்று திருத்தியது 1992இல். அரசியலமைப்பில் இருந்த பாட்டியைச் சட்டத்தில் தொலைத்துவிட்டு, தாயைக் கண்டுபிடிக்க முப்பத்தேழு ஆண்டு பிடித்தது.

பிரான்சு 1973இல் தாயையும் தகப்பனையும் சமமாக்கியது. அது எங்களுக்கு உதவாது. அங்கே பாட்டியிடமிருந்து நேராகப் பேத்திக்கு எதுவும் தாண்டி வராது. தலைமுறை தலைமுறையாகக் கை மாறி வரவேண்டும், அப்பாவின் இடத்தில் அது அறுந்துவிட்டது. அறாமல் இருந்திருந்தாலும் இன்னொரு கதவு உண்டு. முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கி, பெற்றவரும் பிள்ளையும் பிரெஞ்சுக்காரராக நடத்தப்படாமலே இருந்திருந்தால், வம்சாவளியை நிரூபிக்கவே அனுமதி இல்லை என்கிறது அவர்களுடைய சிவில் சட்டம். 1962 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் 2012 ஆகஸ்டில் ஐம்பது ஆண்டு முடிந்தது. கோவாவை 1961இல் இழந்த போர்த்துக்கல்லோ அதற்கு முன் அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இன்றும் வழிவிடுகிறது. தம்பி மகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப கோவாவுல பொண்ணு எடுத்திருக்கலாம்" என்றான். எடுத்தது பெண் என்பதுதானடா சிக்கலே என்றேன்.

பெரிய அத்தையின் பிறப்புப் பதிவை மட்டும் நகல் வாங்கினேன். பிரெஞ்சில் இருக்கிறது. அதில் அப்பாயியின் பெயர் அவளுடைய தகப்பன் பெயரோடு, அவள் பிறந்த ஊரோடு இருக்கிறது. திருக்கடையூரில் அவள் பெயர் ஏறிய எல்லாக் காகிதத்திலும் அவள் இன்னாரின் மனைவி.

சின்னத் தாத்தாவின் பேரன் போன ஆண்டு வந்திருந்தான், வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டையோடு. 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப் பேரப்பிள்ளைகள் வரை அந்த அட்டை உண்டு. அதை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது, நஞ்சையில் ஒரு மா கூட விலைக்கு வாங்க முடியாது. பங்காக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அப்பாயி பிறந்த வீட்டு நிலத்தில் அவனுக்குப் பங்கு வந்திருக்கிறது. அவளுக்கு வரவில்லை.